யூரெயில் வேணாம்... கொடை ரோடு போதும்!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. அரியர் எத்தனைங்கிற கவலையை ரிசல்ட் வர்ற அன்னிக்குப் பட்டுக்கலாம். லீவுக்கு என்ன பிளான்? ‘வீட்ல தூங்கறது, டி.வி. பாக்கறது, மறுபடி தூங்கறது’ங்கிற மொக்கை பதிலைச் சொன்னீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஐரோப்பாவுல நம்ம வயசுப் பசங்க லீவு விட்டா என்ன பண்றாங்க தெரியுமா? முதுகுல ஒரு பை, கையில ஒரு ரயில் பாஸ். அவ்வளவுதான்! காலையில எந்திரிச்சு, ‘இன்னிக்கு வியன்னாவா, பிராக்கா?’ன்னு யோசிச்சு, தோணின ரயில்ல ஏறிடறாங்க. ‘இண்டர்ரெயில்’ங்கிற அந்த பாஸை 1972-ல ஆரம்பிச்சப்ப, 21 வயசு வரைக்கும் உள்ள இளசுகளுக்கு மட்டும்தான் கொடுத்தாங்க. ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து வர்றவங்களுக்கு ‘யூரெயில்’. அது இன்னும் சீனியர், 1959-லயே வந்தாச்சு. ‘ஒரு மாசத்துக்குள்ள ஏதாவது நாலு நாள் பயணம் பண்ணிக்கோ, எந்த நாள்னு நீயே முடிவு பண்ணு’ங்கிற மாதிரி பாஸ் எல்லாம் உண்டு. கோட்டை இருக்கிற ஊர், கோயில் இருக்கிற ஊர், ஏரி இருக்கிற ஊர்... இறங்கினா பாக்கலாம், பிடிச்சா தங்கலாம், போரடிச்சா அடுத்த ரயில்!

‘நமக்கு எங்கடி அதெல்லாம்? பாஸ்போர்ட்டே இல்ல’ன்னு பெருமூச்சு விட்டுட்டு இருந்தோம், மதுரையில ஹாஸ்டல்ல இருக்கிற நாங்க நாலு பேரும். அப்பத்தான் எங்க கேங்ல இருக்கிற மேப் பைத்தியம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சா. ‘பழனி மலையைப் பாருங்கடி. மூணு பக்கமும் தண்டவாளம்!’

அட, ஆமாங்க! நீங்களும் மேப்பை எடுத்துப் பாருங்க. மலைக்குக் கிழக்கே மதுரை - சோழவந்தான் - கொடைக்கானல் ரோடு - திண்டுக்கல் லைன். வடக்கே திண்டுக்கல் - ஒட்டன்சத்திரம் - பழனி - உடுமலை - பொள்ளாச்சி லைன். தெற்கே மதுரை - உசிலம்பட்டி - ஆண்டிபட்டி - தேனி - போடி லைன். நடுவுல ஜம்முனு மலை. மலை மேல கொடைக்கானல். ஊட்டிக்கு மாதிரி கொடைக்கு ரயில் ஏறாது. ஆனா ஒரு பக்கம் ரயில்ல வந்து, பஸ்ல மேல ஏறி, மறுபக்கம் பஸ்ல இறங்கி, மறுபடி ரயில் பிடிக்கலாம். கோட்டை, கோயில், ஏரி எல்லாம் இந்த ஒரே ரவுண்டுல இருக்கு!

‘பிளானே வேணாம். அஞ்சு நாள். தோணின இடத்துல இறங்கறோம், தோணினப்ப கிளம்பறோம்’னு கைமேல அடிச்சுக்கிட்டோம். அந்த ‘பிளானே வேணாம்’ எங்களை எங்க கொண்டுபோய் நிறுத்துச்சுங்கிறதைத்தான் இப்ப சொல்லப்போறேன். நீங்க அதே குழியில விழவேணாம் பாருங்க!

மதுரை: நம்ம ஊரையே பாக்காத நாம

மூணு வருஷமா மதுரையில படிக்கிறோம். காந்தி மியூசியம் உள்ள ஒரு தடவைகூட போனதில்லைங்கிறது அன்னிக்குத்தான் உறைச்சுது. ராணி மங்கம்மாளோட தமுக்கம் அரண்மனையில இருக்கு அது. 1959-ல நேரு திறந்துவெச்சார். காந்தி சுடப்பட்டப்ப உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிஞ்ச துணி அங்க இருக்கு. அதுக்கு முன்னாடி நின்னா, எங்க கேங்ல வாயே மூடாதவளும் அமைதியாயிட்டா.

நம்ம சப்ஜெக்டுக்குப் பொருத்தமா ஒரு விஷயம் சொல்லட்டுமா? 1921 செப்டம்பர்ல காந்தி மெட்ராஸ்ல இருந்து மதுரைக்கு வந்தது ரயில்லதான். பெட்டியில இருந்தவங்ககிட்ட ‘கதர் கட்டுங்க’ன்னு சொல்லியிருக்கார். ‘கதர் வாங்கற அளவுக்கு எங்ககிட்ட வசதி இல்லை’ங்கிற மாதிரி பதில் வந்திருக்கு. அது அவரைக் குடைஞ்சிக்கிட்டே இருந்துச்சு. செப்டம்பர் 22-ம் தேதி, மேலமாசி வீதியில தங்கியிருந்த வீட்ல இருந்து வெளியே வந்தப்ப, இடுப்புல முழத்துண்டு மட்டும்தான். கடைசி வரைக்கும் அதுதான் அவர் டிரெஸ்.

முன்பின் தெரியாத பயணிங்க சொன்ன பதில், ஒரு மனுஷனோட டிரெஸ்ஸையே மாத்திடுச்சு பாருங்க. ரயில்ல ஹெட்போனைக் கழட்டிட்டு எதிர் சீட்டுக்காரங்ககிட்ட பேசணும்னு சொல்றது இதுக்குத்தான்!

ஆளுக்கு 250 ரூபாய்... ஒரு டீக்காக!

மறுநாள் திண்டுக்கல்லுக்கு அன்ரிசர்வ்டு டிக்கெட். இடது பக்க ஜன்னலைப் பிடிச்சுக்கோங்க. வெற்றிலைக்குப் பேர்போன சோழவந்தான் தாண்டினதும் தூரத்துல நீலமா ஒரு சுவர் மாதிரி எந்திரிக்குது பாருங்க, அதுதான் பழனி மலை. வலது பக்கம் சிறுமலை. ரெண்டு மலைக்கும் நடுவுல ரயில் போகுது.

கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் வந்துச்சு. மலை அவ்வளவு பக்கத்துல! ‘இறங்கி டீ சாப்பிட்டு, அடுத்த வண்டியில போவோம்டி’ன்னு ஒருத்தி சொல்ல, இறங்கிட்டோம். யூரெயில் ஃபீலிங்!

இந்த ஸ்டேஷன் இருக்கிற ஊர் பேரு அம்மையநாயக்கனூர். திருச்சியில இருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல. அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே, 1845-ல, மதுரையில இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மலை மேல ரெண்டு பங்களா கட்டிட்டாங்க. கொடைக்கானல்ங்கிற டவுனுக்கு ஆரம்பம் அதுதான். ரயில் வந்த பிறகும் பாடு தீரலை. இந்த ஸ்டேஷன்ல இறங்கி, மாட்டு வண்டியில மலையடிவாரம் வரைக்கும் போகணும். அப்புறம் குதிரையில ஏறணும், இல்லாட்டி நாற்காலியில உக்கார்ந்தா கூலியாட்கள் தூக்கிட்டுப் போவாங்க. துரைமாருக்கு சம்மர் ட்ரிப். சுமந்தவங்களுக்கு? ‘ஹிஸ்டாரிக் டவுன்’னு சொல்றப்ப இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் பாக்கணும், இல்லையா?

டீ முடிஞ்சுது. ரெண்டு மணி நேரம் கழிச்சு அடுத்த ரயில் வந்துச்சு. அதே டிக்கெட்டோட ஏறினோம். திண்டுக்கல்ல டிக்கெட் பரிசோதகர் எங்களை ஓரங்கட்டினார். ‘திண்டுக்கல் வரைக்கும் டிக்கெட் இருக்கே சார்’னு நாங்க. ‘நடுவுல இறங்கிட்டீங்கல்லம்மா, அதோட இந்த டிக்கெட் முடிஞ்சுது’ன்னு அவர். ஆளுக்கு 250 ரூபாய் அபராதம், அதுபோக டிக்கெட் காசு. அவர் மேல தப்பே இல்லைங்க. ரூல் அதுதான், நமக்குத்தான் தெரியலை.

நீங்க தெரிஞ்சுக்கோங்க. 200 கிலோ மீட்டருக்குக் குறைஞ்ச அன்ரிசர்வ்டு டிக்கெட்டை எடுத்தா, மூணு மணி நேரத்துக்குள்ள, இல்லாட்டி அந்த ஊருக்குப் போற முதல் வண்டியில கிளம்பிடணும். நடுவுல இறங்கி ஏற முடியாது. 500 கிலோ மீட்டருக்கு மேல போற டிக்கெட்டுக்குத்தான் ‘பிரேக் ஜர்னி’ சலுகை. அதுவும் 500 கிலோ மீட்டர் தாண்டின பிறகுதான். அதனால இந்த மாதிரி குட்டி ரவுண்டுக்கு ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி டிக்கெட் எடுக்கறதுதான் வழி. பத்து, இருபது ரூபாய் டிக்கெட்டுக்கு சோம்பேறித்தனப்பட்டு ஆயிரம் ரூபாய் அழுதோம் நாங்க!

திண்டுக்கல்: பூட்டு தெரியும்... கோட்டை தெரியுமா?

திண்டு மாதிரி ஒரு கல். அதனாலதான் திண்டுக்கல்னு பேருன்னு சொல்வாங்க. அந்தக் கல்லு மேலதான் கோட்டை. 1605-ல முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்ட ஆரம்பிச்சது. 1755-ல மைசூர் சார்பா ஹைதர் அலி இங்க வந்து உக்கார்ந்தார். 1790-ல வெள்ளைக்காரங்க பிடிச்சாங்க. கணவரை இழந்த வேலு நாச்சியார், சிவகங்கையை மீட்க ஹைதர் உதவியைத் தேடி வந்து அடைக்கலமா இருந்ததும் இந்தப் பக்கம்தான், விருப்பாச்சியில. பாறையில வெட்டின படியில மூச்சு வாங்க ஏறி நின்னா, ஊரே கீழ விரிஞ்சு கிடக்கு. கோட்டையை ஏன் இங்க கட்டினாங்கன்னு புத்தகம் படிக்காமலே புரிஞ்சிடும். நாலு பக்கமும் யார் வந்தாலும் தெரியுது!

கீழ இறங்கினா சீரகச் சம்பா பிரியாணி. அதைப் பத்தி நான் சொல்ல என்ன இருக்கு? பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2019-ல. சின்னதா ஒரு பூட்டு வாங்கிக்கோங்க. பையைப் பூட்ட உதவும், சாவனீரும் ஆச்சு.

அன்னிக்கு ராத்திரி அங்கேயே தங்கினோம். மறுநாள் மதியம் வரைக்கும் பூட்டுக் கடை, பஜார், மறுபடி பிரியாணி. ‘நமக்கு என்ன டைம்டேபிளா இருக்கு?’ன்னு அரட்டை. கொடைக்கானலுக்குப் போக வத்தலக்குண்டு பஸ்ல ஏறினப்ப நல்லா இருட்டிடுச்சு.

வத்தலக்குண்டு: கடைசி பஸ்ஸும் அம்மா சொன்ன தூளியும்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல இறங்கி, ‘கொடைக்கானல் பஸ் எங்கண்ணே நிக்கும்?’னு கேட்டோம். ‘கடைசி வண்டி போயிருச்சேம்மா!’

தெரியாத ஊரு. நாலு பொண்ணுங்க. மணி ராத்திரி ஒன்பதை நெருங்குது. ஒருத்தி போன்ல சார்ஜ் ரெண்டு பர்சென்ட். ‘அட்வெஞ்சர்’னு சொல்லிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் கப்சிப்.

இட்லிக் கடை போட்டிருந்த ஒரு அக்காதான் எங்களைப் பார்த்து, ‘ஏன் கண்ணு முழிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? இப்படி வந்து உக்காருங்க’ன்னு கூப்பிட்டாங்க. சூடா இட்லி கொடுத்துட்டு, குடும்பத்தோட தங்கற மாதிரி இருந்த ஒரு லாட்ஜுக்கு அவங்களே கூட வந்து பேசி, ரூம் போட்டுக் கொடுத்துட்டுப் போனாங்க. ஒரிஜினல் அடையாள அட்டை இருந்ததால பிரச்னை இல்ல.

அடுத்த கண்டம், வீட்டுக்கு போன். அப்பா எடுத்தார். விஷயத்தைச் சொல்லி முடிக்கலை, ‘நாளைக்குக் காலையில முதல் பஸ்ல வீடு வந்து சேரு. இனிமே ட்ரிப்புங்கிற பேச்சே எடுக்கக் கூடாது!’ கத்தலைங்க. மெதுவாத்தான் சொன்னார். அதுதான் பயமா இருந்துச்சு. இந்த ஒரு ட்ரிப் மட்டுமில்ல, இனிமே வாழ்க்கையில தனியா எங்கேயும் போக முடியாதுன்னு தோணிடுச்சு. உங்க வீட்லயும் இப்படித்தானே? ஒரு தடவை சொதப்பினா, அடுத்த அஞ்சு வருஷத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவாங்களே!

அப்புறம் அம்மா போனை வாங்கினாங்க. திட்டுவாங்கன்னு பார்த்தா, ‘தூளி கட்டறதைப் பாத்திருக்கியாடி? மேல முடிச்சு இறுக்கமா இருந்தாத்தான் கீழ புள்ள ஜாலியா ஆடும். நீங்க முடிச்சையே போடாம ஆடப் போயிருக்கீங்க. முதல்ல முடிச்சைப் போடுங்க, அப்புறம் அப்பாகிட்ட நான் பேசறேன்’னாங்க.

நாங்க நாலு பேரும் அந்த ராத்திரி பேப்பரும் பேனாவுமா உக்கார்ந்தோம். எதெல்லாம் முடிச்சு? யோசிச்சுப் பார்த்தா மூணே மூணுதான்.

ஒண்ணு, இன்னிக்கு ராத்திரி எங்க தூங்கப் போறோம்? ரெண்டு, அடுத்த ஊருக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு? மூணு, வீட்டுக்குத் திரும்பற காசு தனியா இருக்கா?

இந்த மூணும் தெரிஞ்சிட்டா, மத்ததெல்லாம் நம்ம இஷ்டம்! எந்தக் கடையில சாப்பிடறது, எந்தத் தெருவுல சுத்தறது, எங்க எவ்வளவு நேரம் உக்கார்ந்திருக்கறது எதையும் பிளான் பண்ண வேணாம். ஐரோப்பாவுல பாஸ் வெச்சுக்கிட்டு சுத்தறவங்களும், ராத்திரி படுக்கையையும் கடைசி ரயிலையும் பாத்து வெச்சுட்டுத்தான் சுத்தணும். பிளான் இல்லாம போறது வேற, தெரியாம போறது வேற பாஸ்!

எழுதினதை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினோம். காலையில ஒரே வார்த்தையில பதில் வந்துச்சு: ‘சரி.’

நிம்மதியா வெளியே வந்து வத்தலக்குண்டைச் சுத்தினோம். ‘பஸ் மாத்தற ஊர்’னு மட்டுமே நினைச்சிருந்தோம். சுப்பிரமணிய சிவா 1884-ல பிறந்த ஊர் இது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதின ராஜம் ஐயர் 1872-ல பிறந்ததும் இங்கதான். ‘மணிக்கொடி’ காலத்து எழுத்தாளர் பி.எஸ்.ராமையாவுக்கும் இதுதான் சொந்த ஊர். தமிழ் எக்ஸாம்ல அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணின பேரெல்லாம் ஒரே பஸ் ஸ்டாண்டைச் சுத்தி! பஸ்ஸை மிஸ் பண்ணலைன்னா இந்த ஊரையே மிஸ் பண்ணியிருப்போம்.

கொடைக்கானல்: செல்ஃபிக்கு அப்பால

காலை பஸ்ல ஜன்னல் சீட். ‘டம்டம் பாறை’ பக்கம் தூரத்துல வெள்ளைக் கோடு மாதிரி தலையாறு அருவி தெரியும். 297 மீட்டர் உயரம். இன்னும் மேல போனா சில்வர் காஸ்கேட். கொடைக்கானல் ஏரியோட உபரித் தண்ணிதான் அது. லா-ங்கிற ராணுவ அதிகாரி 1870-கள்ல வகுத்த பாதை இது. அதனால இன்னிக்கும் ‘லாஸ் காட்’னு பேரு.

1863-ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச், ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி உருவாக்கினதுதான் நட்சத்திர ஏரி. இயற்கை ஏரின்னு நினைச்சிட்டிருந்தீங்களா? நாங்களும்தான்! சுத்தி வர ஏறக்குறைய அஞ்சு கிலோ மீட்டர். நடங்க, இல்லாட்டி வாடகை சைக்கிள் எடுங்க.

சயின்ஸ் ஸ்டூடண்ட்ஸ் மிஸ் பண்ணக் கூடாத இடம், சூரிய ஆய்வுக்கூடம். 1899-ல ஆரம்பிச்சது. சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா நகருதுன்னு 1909-ல எவர்ஷெட் கண்டுபிடிச்சது இங்கதான். உலகம் முழுக்க பிசிக்ஸ் புத்தகத்துல ‘எவர்ஷெட் விளைவு’ங்கிற பேர்ல இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல சூரியனை போட்டோ எடுத்து சேர்த்து வெச்சிருக்காங்க. நாம ஒரு நாள் டூர்ல இருநூறு செல்ஃபி எடுக்கறோம். அவங்க ஒரே ஆளை நூறு வருஷமா எடுக்கறாங்க!

இன்னும் பழசு வேணுமா? மலையில தாண்டிக்குடி மாதிரி ஊர்கள் பக்கம் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் இருக்கு. செண்பகனூர்ல இருந்த ஏசு சபைப் பாதிரியார்கள் இதையெல்லாம் தேடிப் பார்த்துப் பதிவு பண்ணாங்க. 1928-ல தொல்லியல் துறை அதைப் புத்தகமாவே போட்டுச்சு. வெள்ளைக்காரங்க ‘கண்டுபிடிக்கறதுக்கு’ ரொம்ப முன்னாடியே இந்த மலையில மனுஷங்க வாழ்ந்திருக்காங்கங்கிறதுக்கு அந்தக் கல்லெல்லாம் சாட்சி.

ஒரு சீரியஸ் மேட்டர். கொடைக்குள்ள கூட்டம் தாங்கலைன்னு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால 2024 மே 7-ம் தேதியில இருந்து வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துச்சு. 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் சீஸன்ல, வாரநாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000 வண்டின்னு அளவும் வெச்சாங்க. அரசு பஸ்ல வர்றவங்களுக்கு இ-பாஸ் தேவையில்லைன்னு அப்பவே சொல்லிட்டாங்க. அதாவது, ஒரு கார்ல நாலு பேர் வந்து மலைப்பாதையை அடைக்கறதுக்குப் பதிலா, ரயிலும் பஸ்ஸுமா வர்ற நீங்க மலைக்குச் செய்யற உபகாரம் அது. இன்னொண்ணு, பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கூடாது. ஸ்டீல் பாட்டிலைப் பையில போட்டுக்கோங்க.

குறிஞ்சி பூத்தது 2006-ல, அப்புறம் 2018-ல. அடுத்தது 2030. அப்ப நீங்க எங்க இருப்பீங்க? எந்த ஆபீஸ்ல லீவு கேட்டுக் கெஞ்சிட்டு இருப்பீங்க? யோசிச்சுப் பாருங்க. இப்ப கிடைக்கிற லீவோட அருமை புரியும்!

பழனி: மறுபக்கம் இறங்கு மச்சி!

பெரும்பாலானவங்க வந்த வழியே திரும்பிடுவாங்க. நீங்க அப்படிப் பண்ணாதீங்க. பெருமாள்மலையில இருந்து பிரியற ரோட்டுல பழனிக்கு இறங்குங்க. கொடையில இருந்து 64 கிலோ மீட்டர். குளிர் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு, ஸ்வெட்டரும் கழண்டு, அடிவாரத்துல வேர்க்க ஆரம்பிக்கறப்ப பழனி கோபுரம் தெரியும்.

படி ஏற முடியாதவங்களுக்கு 1966-லயே விஞ்ச் வந்தாச்சு. ரோப் கார் 2004-ல. ஆனா உங்க வயசுக்குப் படிதான் அழகு! எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவு. மேல நின்னு தெற்கே பாருங்க. நீங்க காலையில இருந்த மலை, இப்ப சுவர் மாதிரி எதிர்ல நிக்கும். ‘அந்த உச்சியில இருந்தா வந்தோம்?’னு வாய் பிளந்தோம். பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2019-ல. அதே வருஷம்தான் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைச்சுது. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழைப்பழம் விளையறதும் இதே மலையிலதான். பழம் மலை மேல, பிரசாதம் மலை கீழ!

இங்க மறுபடி ரயில். இந்த திண்டுக்கல் - பொள்ளாச்சி லைன் வந்தது 1928-ல. மீட்டர்கேஜை அகலப்பாதையா மாத்தறதுக்காக 2009-ல நிறுத்திட்டாங்க. திண்டுக்கல் - பழனி 2012-லயும், பழனி - பொள்ளாச்சி 2015-லயும் மறுபடி ஓட ஆரம்பிச்சுது. லீவு இன்னும் இருந்தா மேற்கே உடுமலை, பொள்ளாச்சின்னு போகலாம். பாட்டெழுதின நாராயண கவிக்கு ‘உடுமலை’ங்கிற அடைமொழி கொடுத்த ஊர் அதுதான். காசு தீர்ந்துடுச்சா? கிழக்கே திண்டுக்கல் வழியா மதுரை. இந்தத் தடவை வலது பக்க ஜன்னல். மலை கூடவே வரும். ஒட்டன்சத்திரத்துல காய்கறி மூட்டையோட ஆட்கள் ஏறினா இடம் கொடுங்க. அவங்க சொல்ற தக்காளி விலைக் கதை எந்த எகனாமிக்ஸ் கிளாஸ்லயும் கிடைக்காது.

தெற்குப் பக்கம் பாக்கி இருக்கு

எங்களுக்கு நேரம் போதாம விட்டது, மதுரை - போடி லைன். அதுவும் 1928-ல வந்ததுதான். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல தண்டவாளத்தையே கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. 1950-கள்ல மறுபடி போட்டாங்க. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில நின்ன ரயில், தேனிக்குத் திரும்பி வந்தது 2022 மே மாசம், போடிக்கு 2023 ஜூன். பன்னிரண்டு வருஷம்! குறிஞ்சிப் பூ மாதிரி ரயில் பூத்திருக்கு அந்த ஊருக்கு. அங்க ஒரு தலைமுறைப் பசங்க, ரயில் ஓடறதையே பாக்காம ஸ்கூல் முடிச்சிருக்காங்க. ஆண்டிபட்டி கணவாய், வைகை அணை, ஏலக்காய் வாசம் வீசற போடின்னு அடுத்த லீவுக்கு ரிசர்வ் பண்ணி வெச்சிருக்கோம்.

கிளம்பறதுக்கு முன்னாடி...

* ரயில் நேரத்தை ஆப்லயோ ஸ்டேஷன்லயோ அன்னிக்கே பாத்துக்கோங்க. போன வருஷ டைம்டேபிளை நம்பாதீங்க.
* எந்த ஊர்ல இறங்கினாலும் முதல் கேள்வி, ‘கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ சாப்பாட்டுக் கடை எங்கங்கிறது ரெண்டாவது கேள்வி.
* தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்துல பழனியில ரூம் கிடைக்கறது குதிரைக்கொம்பு. ஏப்ரல், மே மாசம் கொடையில அதே கதை. வாரநாள்ல போங்க.
* அக்டோபர், நவம்பர்ல மலையில மழை பின்னும். மண்சரிவு செய்தி வந்தா கீழேயே ஒரு ஊர்ல தங்கிடுங்க. அதுக்குத்தானே ஃப்ளெக்ஸிபிள் ட்ரிப்!
* ஒரே பை. ஸ்வெட்டர், ஒரிஜினல் அடையாள அட்டை, ஸ்டீல் பாட்டில், சார்ஜர் கட்டாயம்.
* சாயங்காலம் ஆனா வீட்டுக்கு ஒரு போன். அது பயத்துக்கு இல்ல, அடுத்த ட்ரிப்புக்கு டெபாசிட்.

எங்க கதைக்கு வருவோம். அஞ்சாம் நாள் வீட்டுக்குப் போனேன். அப்பா முகத்தைப் பாக்கவே பயம். பஞ்சாமிர்த டப்பாவை நீட்டினேன். வாங்கிக்கிட்டு, நாங்க அனுப்பின அந்தப் பேப்பர் போட்டோவை போன்ல எடுத்துக் காட்டினார். மூணு முடிச்சுக்குக் கீழ நாலாவதா அவரே ஒண்ணு டைப் பண்ணி வெச்சிருந்தார்: ‘உதவி பண்ணினவங்களுக்கு நன்றி சொல்லணும்.’

‘அந்த இட்லிக் கடை அம்மாகிட்ட மறுபடி போய் நன்றி சொன்னியா?’ன்னு கேட்டார். காலையில அவசரத்துல சொல்லலைங்க. தலையைக் குனிஞ்சேன்.

‘அப்ப அடுத்த லீவுக்கு வத்தலக்குண்டுல இருந்தே ஆரம்பிங்க. சாயங்காலத்துக்குள்ள போயிடுங்க’ன்னார்.

அடுத்த லீவுக்கு பர்மிஷன் கிடைச்சாச்சு! நீங்க எப்போ கிளம்பறீங்க?